அத்தான் உட்காரக்கூடிய ஒரு ரெஸ்டோரண்ட்

என் அக்காவின் கணவர் அருந்தவனை நான் இருபத்தெட்டு வருடமாக அத்தான் என்று கூப்பிடுகிறேன். இத்தனை வருடத்தில் அவர் ஒரு கதிரையில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்ததை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். ஒன்று பல் வைத்தியரிடம். மற்றது சிங்கப்பூருக்குப் போன விமானத்தில், அதுவும் பெல்ட் விளக்கு எரிந்துகொண்டிருந்த நேரம் மட்டும். விளக்கு அணைந்ததும் எழுந்து பின்பக்கம் போனார். திரும்பி வரும்போது பணிப்பெண்ணுடன் சேர்ந்து சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அக்கா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இதே கூத்துத்தான். வாசலில் சப்பாத்தைக் கழற்றுவார், அடுத்த நிமிடம் குசினிக்குள் நிற்பார். வெறும் தட்டைக் கண்டால் அவர் கை சும்மா இராது. ஒருமுறை மெல்பேர்னின் கிரெய்கிபர்னில் ஒரு பிறந்தநாள் விழாவில், இன்னும் சாப்பிட்டு முடிக்காத ஒரு மனிதருடைய தட்டையே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மனிதர் கையில் கோழிக்காலுடன் மேசையைப் பார்த்தபடி இருந்தார். யாரோ சமையலுக்கு வந்த ஆள் என்று நினைத்துவிட்டார்.

அத்தானைக் குற்றம் சொல்லவும் ஏலாது. அகதியாக மெல்பேர்னுக்கு வந்த மூன்றாவது வாரம் நகரத்தில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவப் போனவர். பிறகு வெங்காயம் வெட்டி, சலாட் போட்டு, பொரியல் சட்டிக்கு வந்து, இப்போது டண்டினோங் பக்கம் ஒரு விழா மண்டபத்தில் தலைமைச் சமையல்காரர். எல்லாமே பின்னேர வேலை. மூன்றரைக்கு வீட்டிலிருந்து புறப்படுவார். மகள் வினுஷா பள்ளிக்கூடத்திலிருந்து மூன்றே முக்காலுக்கு வருவாள். அந்தக் கால் மணி நேரத்தை இரண்டு பேரும் கடைசிவரை பிடிக்கவில்லை. சனியும் ஞாயிறும் உணவகத்துக்கு உயிரான நாட்கள். திங்கள் அவருக்கு ஓய்வு, அவளுக்கு நடன வகுப்பு. அவள் அப்படியே வளர்ந்து, படித்து, ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோவாக வேலைக்குப் போய், கல்யாணத்துக்கும் வந்துவிட்டாள்.

மாப்பிள்ளை யதுர்சன் கிரெய்கிபர்ன் பெடியன், எங்கள் ஊர் ஆட்கள்தான். சனிக்கிழமை கல்யாணம். அதற்கு முன்னால் வியாழக்கிழமை மண்டபத்தில் ஒத்திகை, ஒத்திகை முடிந்ததும் இரண்டு வீட்டாரும் தோழர் தோழிகளும் சேர்ந்து ஒரு ரெஸ்டோரண்டில் சாப்பாடு. ரெஹேர்சல் டின்னர் என்று வினுஷா சொன்னபோது அக்காவுக்கு விளங்கவில்லை.

“சாப்பாட்டுக்கும் ஒத்திகையோ? இத்தனை வருஷமாய் ஒத்திகை பாக்காமலே சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறம்” என்றாள் அக்கா.

வினுஷா சிரிக்கவில்லை. அவள் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வழக்கம்போலக் குசினி மேடையில் சாய்ந்து நின்றபடி தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, இடம் நீங்களே செலக்ட் பண்ணுங்கோ. எங்க எண்டாலும் எனக்கு ஓகே. ஆனா ஒன் கண்டிஷன். நீங்கள் எனக்குப் பக்கத்தில இருந்து முழுச் சாப்பாடும் சாப்பிட வேணும். ஸ்டார்ட்டர்ல இருந்து டெசேர்ட் வரைக்கும். நடுவில எழும்பக் கூடாது.”

“அதுக்கென்ன பிள்ளை” என்றார் அத்தான்.

“வெடிங் அண்டைக்கு நீங்கள் ஒரு இடத்தில இருக்க மாட்டீங்கள், அது எனக்குத் தெரியும். எனக்கு இந்த ஒரு நாள் காணும். ப்ளீஸ்.”

“இருக்கிறன், இருக்கிறன்” என்று சொல்லிக்கொண்டே அவர் எல்லோருடைய கோப்பைகளையும் பொறுக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். என் கோப்பையில் பாதித் தேத்தண்ணீர் மிச்சமிருந்தது. வினுஷா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு வேலை இருந்தது. அத்தானைக் கூட்டிக்கொண்டு ரெஸ்டோரண்ட் ரெஸ்டோரண்டாக அலைகிற பாக்கியம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

நான் ட்ராம் ஓட்டுகிறவன். திங்கட்கிழமை எனக்கும் ஓய்வு. ஓய்வு நாளில் வீட்டில் கால் நீட்டிப் படுப்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது. ஆனால் அடுத்தடுத்த நான்கு திங்களும் அத்தானைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு மெல்பேர்னைச் சுற்றினேன். காரில் அவர் வந்த விதத்தை ஒருமுறையாவது சொல்லியாக வேண்டும். கண்ணாடியை இறக்குவார், ஏற்றுவார். என் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து அடுக்கி வைப்பார். சிவப்பு விளக்கில் நான் நின்றால் அவருடைய வலது கால் தரையை அமுக்கும், அந்தப் பக்கம் பிரேக்கும் இல்லை, ஒன்றும் இல்லை.

முதல் திங்கள் கார்ல்டனில் ஒரு இத்தாலியச் சாப்பாட்டுக்கடை. வினுஷாவின் நிபந்தனையை நான் உண்மையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தானைக் கதிரையில் இருத்திவிட்டு போனில் நேரம் பார்க்கத் தொடங்கினேன். மூன்று நிமிடம் நன்றாகப் போனது. நான்காவது நிமிடம் அவர் கண் குசினி ஜன்னலில் போய் ஒட்டிக்கொண்டது.

“அந்த பாஸ்தா வந்து நாலு நிமிஷமாய் அங்க நிக்குது.”

“நிக்கட்டும் அத்தான். அவையின்ர பாஸ்தா.”

“ஆறப்போகுது சுஜீதன்.”

“ஆறினால் அவை சூடாக்குவினம்.”

“பாஸ்தாவைத் திருப்பிச் சூடாக்கக் கூடாது” என்றார். கோபமாகவே சொன்னார். ஆறாவது நிமிடம் எழுந்து போய், அந்தத் தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு, மூலை மேசையில் இருந்த ஒரு வயதான தம்பதிக்கு வைத்துவிட்டு வந்தார். சரியான மேசைதான். அங்கே பரிமாறிக்கொண்டிருந்த பெண் அவரை அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் என்று நினைத்து, ஏப்ரன் எங்கே இருக்கிறது என்று கையால் காட்டினாள். நான் பில்லைக் கொடுத்துவிட்டு அவரை வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த திங்கள் கிளென் வேவர்லியில் ஒரு சீன உணவகம். இந்தமுறை அவர் முன்வாசலால் உள்ளே வரவேயில்லை. காரை நிறுத்தியதும் பின்பக்கச் சந்துக்குள் போய்விட்டார். அவர் ஒரு உணவகத்தை எடைபோடுகிற விதம் அப்படி. மெனுவும் பார்க்கமாட்டார், மேசை விரிப்பும் பார்க்கமாட்டார். பின்வாசலில் குப்பைத் தொட்டி மூடியிருக்கிறதா, பால் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு வேலையாட்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்றுதான் பார்ப்பார். வேலையாட்களுக்கு இருந்து சாப்பிட நேரம் கிடைக்கிற கடையில் சாப்பாடு நல்லாயிருக்கும் என்பது அவருடைய கணக்கு. நான் உள்ளே போய் ஒரு பெரிய வட்ட மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் கழித்து அவர் குசினிக் கதவால் வெளியே வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. அங்கே ஒரு சமையல்காரர் அவருடன் பத்து வருடத்துக்கு முன்னால் வேலை செய்தவராம்.

“நல்ல இடம். மனிசர் நல்ல மனிசர். ஆனா வினுஷாவுக்குச் சரிவராது.”

“ஏன்?”

“நான் உள்ள போயிடுவன்.”

அதைச் சொன்னபோது அவருக்கே தன்மேல் ஒரு வெறுப்பு வந்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது கண்ணாடியை இறக்கவுமில்லை, ஏற்றவுமில்லை. எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அந்த மனிதர் உண்மையாகவே முயன்றுகொண்டிருந்தார். இரவில் வேலை முடிந்து வந்து, தனியாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பழகுகிறார் என்று அக்கா என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். எட்டு நிமிடம் வரை வந்துவிட்டாராம்.

மூன்றாவது திங்கள் வில்லியம்ஸ்டவுனில் கடற்கரையோரம் ஒரு மீன் உணவகம் பார்த்தோம். குசினி மாடியில், சாப்பிடுகிற இடம் கீழே, தண்ணீரைப் பார்த்தபடி. தட்டுச் சத்தம் ஒன்றும் கீழே கேட்காது. அத்தான் கதிரையில் இருந்து கப்பல்களைப் பார்த்தார். பதினொரு நிமிடம் இருந்தார். நான் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினேன். முப்பத்தெட்டுப் பேருக்கு அங்கேயே பதிவு செய்துவிட்டு, வரும் வழியில் இரண்டு பேரும் ஐஸ்கிரீம் குடித்தோம். அத்தான் நடந்துகொண்டுதான் குடித்தார்.

சந்தோஷம் புதன்கிழமை வரைதான். புதன் பின்னேரம் மாப்பிள்ளையின் தாய் சந்திரகலா என் அக்காவுக்குப் போன் எடுத்தார். ஐயர் பொன்னுருக்குக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டாராம். கல்யாணக் கிழமை முழுவதிலும் ஒரே ஒரு நல்ல நேரம்தான், வியாழக்கிழமை காலை.

பொன்னுருக்கு என்றால் தாலிக்குத் தங்கத்தை உருக்குகிற சடங்கு. அது மாப்பிள்ளை வீட்டில் நடக்கும். எங்கள் ஆட்களிடம் இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பொன் உருக்கின பிறகு மாப்பிள்ளையும் பொம்பிளையும் மணவறையில்தான் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும். இரண்டு வீட்டிலும் மச்சம் மாமிசம் கூடாது. இது தெரியாத ஆள் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. தெரிந்த அத்தனை பேரும் சேர்ந்துதான், வியாழன் இரவு மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் ஒரே மேசையில் இருத்துவதாக இரண்டு மாதமாகத் திட்டம் போட்டு, மீன் உணவகமும் பதிவு செய்திருந்தோம். பொன்னுருக்கு வெள்ளிக்கிழமை வரும் என்று நாங்கள் நினைத்தோம். மாப்பிள்ளை வீட்டாரோ ரெஹேர்சல் என்றால் ஏதோ ஒலிபெருக்கி சரிபார்க்கிற விஷயம் என்று நினைத்தார்களாம்.

“ரெஹேர்சலை வேற நாளுக்கு மாத்துவம்” என்றான் யதுர்சன், போனில்.

மண்டபம் வியாழன் மட்டும்தான் கிடைக்கும். சிட்னியிலிருந்து வருகிற தோழிகள் புதன் இரவுதான் வந்து இறங்குகிறார்கள். பொன்னுருக்கை மாற்றுவது பற்றிச் சந்திரகலா அக்காவிடம் வாய் திறக்க ஒருவருக்கும் துணிவில்லை. கடைசியில் ஒத்திகையை இரண்டாகப் பிரித்தார்கள். ஐந்து மணிக்கு வினுஷா நடந்து பார்ப்பாள். அவள் போன பிறகு, ஆறரைக்கு யதுர்சன் நடப்பான், பொம்பிளையின் இடத்தில் தோழி நிரூபா நிற்பாள். மிச்சமிருந்தது சாப்பாடு. எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள்.

நான்காவது திங்களுக்குள் அத்தான் ஆளே மாறிப்போயிருந்தார். இப்போது தேடவேண்டியது மரக்கறிச் சாப்பாட்டுக்கடை, இரண்டு தனி அறை உள்ளது, மாப்பிள்ளையும் பொம்பிளையும் தற்செயலாகக்கூடக் கண்ணில் பட்டுவிடாதபடி இரண்டு வாசல் உள்ளது. இப்படி ஒரு சிக்கலான வேலையைக் கொடுத்தால் அவருக்கு உயிர் வந்துவிடும். காலை எட்டு மணிக்கே என் வீட்டு வாசலில் நின்று ஹோர்ன் அடித்தார். பொயிண்ட் குக் வரை போனோம். ஒன்றில் வாசல் ஒன்று, ஒன்றில் தடுப்புத் திரை மட்டும், இன்னொன்றில் இரண்டு அறை இருந்தும் கைகழுவுகிற இடம் பொது.

“கை கழுவேக்க கண்டுட்டால்?” என்று அத்தான் என்னைக் கேட்டார்.

“கண்ணை மூடிக்கொண்டு கழுவச் சொல்லுவம்” என்றேன். எனக்குப் பசி. அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

கிளேட்டனில் நாகராஜன் என்பவருடைய சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தபோது மணி மூன்று. நாகராஜன் மதுரைக்காரர். நெற்றியில் திருநீறும் காதில் புளூடூத்துமாக நின்று அத்தானின் நிபந்தனைகளை எல்லாம் அமைதியாகக் கேட்டார்.

“கவலையே படாதீங்க சார். நம்மகிட்ட ரெண்டு ஹால் இருக்கு. நடுவுல கிச்சன். பொண்ணு வீட்டுக்காரங்க ரோட்டுப் பக்கமா வரட்டும், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கார் பார்க் வழியா வரட்டும். ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே முடியாது.”

“அப்ப ஒரு மண்டபத்தில இருந்து மற்றதுக்குப் போறதெண்டால்?”

“கிச்சன் வழியா போயிடலாம் சார். ரெண்டு பக்கமும் கதவு இருக்கு.”

அத்தான் அந்த வழியால் நடந்து பார்த்தார். ரோட்டுப் பக்க மண்டபத்திலிருந்து ஆடுகதவைத் தோளால் தள்ளி, குசினிக்குள்ளால், அடுத்த ஆடுகதவைத் தள்ளி, மற்ற மண்டபத்துக்கு. திரும்பி அதே மாதிரி. நாலைந்து தடவை போய்வந்தார். சம்மந்தி வீட்டாரைப் போய் உபசரிக்க இது வசதி, சாம்பார் முடிந்தால் நேரே பார்த்துச் சொல்லலாம், பாயாசம் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் போகிறதா என்று கவனிக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததேயில்லை. வினுஷாவுக்கு உடனே போன் போட்டார். அவளுடைய ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். வேலை முடிந்ததும் சீருடையோடு வந்தாள்.

அவளுக்கும் அந்த நடையை நடந்து காட்டினார். அவள் மண்டபத்தின் நடுவில் நின்று, அவர் கதவுக்குள் மறைவதையும் திரும்ப வருவதையும் இரண்டு தடவை பார்த்தாள். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“இங்க வேண்டாம் அப்பா.”

“ஏன் பிள்ளை? எல்லாம் பொருந்தி வந்திருக்கு.”

“ஓம். நீங்கள் ஓடுறதுக்குப் பொருந்தி வந்திருக்கு.” அவள் குரல் உயரவில்லை. கண்தான் நிறைந்துவிட்டது. “அண்டைக்கு முழுக்க நீங்கள் அந்தக் கதவுக்குள்ளதான் நிப்பீங்கள். என்ர பக்கத்துக் கதிரை சும்மா கிடக்கும். ஐ நோ யு, அப்பா. ஸ்கூல் ப்ரைஸ் கிவிங், அரங்கேற்றம், கிராஜுவேஷன் டின்னர், எல்லாத்திலயும் அப்பிடித்தானே. ஒரே ஒரு விஷயம் கேட்டனான்.”

நாகராஜன் மெதுவாக உள்ளே போய்விட்டார். எனக்கும் எங்கேயாவது போய்விடலாம் போலிருந்தது, ஆனால் கார்ச் சாவி என்னிடம் இருந்தது. அத்தான் ஒரு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேசையில் கிடந்த கரண்டியை நேராக்கினார். பிறகு அதையும் விட்டார்.

“இருக்கலாம் பிள்ளை. இருக்கிறது பிரச்சினை இல்லை. வீட்டில பழகிப் பாத்தனான்” என்றார். “இருந்தால் உன்னோட என்ன கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை.”

வினுஷா நிமிர்ந்து பார்த்தாள்.

“வேலைக்குப் போட்டு வாறன், சாப்பிட்டியோ, படிச்சியோ. இவ்வளவுதானே நான் உன்னோட கதைச்சது. ரெண்டு மணித்தியாலம் பக்கத்தில இருந்து என்னத்தைக் கதைக்கிறது? நீ இங்கிலிஷில பெரிய பெரிய விஷயம் கதைக்கிற பிள்ளை. நான் மரம் மாதிரி இருக்க, உன்ர சிநேகிதப் பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்க... எனக்கு அது பயம்.”

இருபத்தெட்டு வருடத்தில் அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தபோதுகூட ஈரத்துணியைப் போட்டு மூடிவிட்டு அடுத்த ஓடரைக் கேட்டவர் அவர். வினுஷா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ரோட்டுப் பக்க மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து உட்காரக்கூடிய ஒரு நீள வாங்கு போட்டிருந்தார்கள். அது மூலையில் போய் முட்டியது. அந்த மூலையைக் காட்டினாள்.

“சரி, இங்கயே செய்வம். நீங்கள் அந்த கோர்னர்ல. நான் உங்களுக்குப் பக்கத்தில. எனக்கு இந்தப் பக்கம் என்ர ஃபிரண்ட்ஸ் அஞ்சு பேர். நீங்கள் எழும்ப வேணுமெண்டால் ஆறு பேர் எழும்ப வேணும். மற்றப் பக்கத்தை அம்மாவும் மாமாவும் பாக்கட்டும். கதைக்கிறது பற்றி யோசிக்க வேண்டாம். பேசாமல் இருந்தாலும் ஓகே.”

அதில் வந்த மாமா நான்தான்.

வியாழக்கிழமை எல்லாம் நேரத்துக்கு நடந்தது. காலையில் பொன் உருகியது. பின்னேரம் வினுஷா மண்டபத்தில் தனியாக நடந்தாள். ஆறரைக்கு யதுர்சன், நிரூபாவின் பக்கத்தில், அவள் போனைப் பார்த்துக்கொண்டு வர, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தான். ஏழரைக்கு நாகராஜனின் உணவகத்தில் இரண்டு பக்கமும் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். நான் ஆடுகதவுகளுக்கு நடுவே அத்தானுடைய வேலையைப் பார்த்தேன். அவர் எப்படி இதை இத்தனை வருடம் செய்தார் என்று நினைத்தபோது எனக்கு முழங்கால் வலித்தது.

முதல் தடவை எட்டிப் பார்த்தபோது அத்தான் மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தார். புதுச் சேர்ட். இரண்டு கையும் மேசையின்மேல். வினுஷா தோழிகளுடன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் அவளுடைய ஒரு கை அவர் முழங்கையில் இருந்தது. இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசவில்லை. இரண்டாம் தடவை போனபோதும் அப்படித்தான். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் பக்கம் நிலைமை வேறு. வடை முடிந்து தோசைக்கு வந்தும் பொம்பிளையின் தகப்பன் வந்து முகம் காட்டவில்லை. அக்கா மேசை மேசையாகப் போய் உபசரித்துக்கொண்டிருந்தாள், ஆனால் எங்கள் ஆட்களிடம் அது காணாது, தகப்பனே வந்து முன்னால் நிற்க வேண்டும். சந்திரகலா அக்கா என்னைக் கையால் கூப்பிட்டார்.

“சம்மந்தியைக் காணேல்லையே தம்பி. சுகமில்லையோ?”

“இல்லை அக்கா, அங்கால நிக்கிறார். இப்ப வருவார்.”

அதைச் சொல்லத்தான் மூன்றாவது தடவை போனேன். அப்போது ஓடர் எடுக்க வந்த பெண் அந்த வாங்குக்கு முன்னால் நின்றாள். அத்தான் முதன்முறையாக வாய் திறந்தார்.

“பிள்ளைக்கு ஒரு நெய்த் தோசை. நெய் கொஞ்சம் கூட விடச் சொல்லுங்கோ.”

“அப்பா, நான் நெய் சாப்பிடுறேல்லை” என்றாள் வினுஷா.

“எப்ப தொடக்கம்?”

“தெர்ட்டீன் போல. மணத்துக்கே வயித்தைப் பிரட்டும்.”

அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப, நான் சனிக்கிழமையில நெய் விட்டுப் பொங்கல் பொங்கிப்போட்டு வேலைக்குப் போறனான். ஒவ்வொரு சனியும். உனக்கெண்டு சொல்லி மூடி வைச்சிட்டு.”

“அம்மா சாப்பிடுறவ.”

“எல்லாச் சனியுமோ?”

“எல்லாச் சனியும்.” அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “நீங்கள் கவலைப்படுவீங்கள் எண்டு சொல்லேல்லை. உங்களை நிப்பாட்டிச் சொல்லுறதுக்கு நேரமும் இருக்கேல்லை.”

குசினியில் தட்டுகள் ஒரு அடுக்கு விழுந்து நொறுங்கியது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. அத்தானின் தோள் ஒருதரம் எழும்பியது, எனக்குத் தெரியும், நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் எழுந்திருக்கவில்லை. இருபத்தேழு வயது மகளுக்கு என்ன பிடிக்காது என்று தெரியாமல் இருந்துவிட்டேனே என்ற நோவு அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. அவர் மகள் பக்கம் இன்னும் கொஞ்சம் திரும்பி இருந்தார்.

“வேற என்ன சாப்பிட மாட்டாய்?”

“கத்தரிக்காய்.”

“கத்தரிக்காயுமோ?”

“பாவக்காய் ஓகே. பூசணிக்காய் வேண்டாம்.”

“பூசணிக்காய் நீ சின்னனில விரும்பிச் சாப்பிட்டனி.”

“அது என்னோட படிச்ச விசிதன் வீட்டுப் பார்ட்டியில ஒருக்கா. அண்டைக்கு என்ன நடந்தது தெரியுமோ?”

அவருக்குத் தெரியாது. அவள் சொல்லத் தொடங்கினாள். ஓடர் எடுக்க வந்த பெண் பேனையோடு நின்றாள், நான் செய்தியோடு நின்றேன். இரண்டு பேரையும் அவர்கள் கவனிக்கவில்லை. நான் செய்தியைச் சொல்லாமலே திரும்பிப் போனேன்.

பிறகு எட்டரைக்கு ஒருதரம் போனேன். அத்தான் ஏதோ சொல்ல, வினுஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாயாசம் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் போகவில்லை. அவர் கவனிக்கவும் இல்லை. ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் எழும்பத் தொடங்கினார்கள். நான் கடைசியாகப் போய் அவர் காதருகே குனிந்தேன். மற்ற மேசைகள் வெறுமையாகியிருந்தன. தோழிகளும் எழுந்து வாசலில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாங்கில் அவரும் அவளும் மட்டும்தான், எழும்புவதற்குத் தடையென்று ஒருவரும் இல்லை.

“அத்தான், சம்மந்தியாக்கள் வெளிக்கிடினம். ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டு வாங்கோ.”

“நீ போய் அனுப்பிவிடு சுஜீதன். நாங்கள் இன்னும் சாப்பிட்டு முடியேல்லை” என்றார். அவர்களுடைய மேசையைத் துடைத்துத் தண்ணீர்க் கோப்பையும் எடுத்துக்கொண்டு போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

நான் குசினிக்குள்ளால் கார் பார்க்குக்குப் போனேன். சந்திரகலா அக்கா காருக்குப் பக்கத்தில் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத் திரும்பிய அவருடைய முகம் கல்யாணம் முடிந்து ஏழு மாதமாகியும் எங்கள் பக்கம் முழுதாகத் திரும்பவில்லை.

“என்ன தம்பி, சம்மந்தி வரேல்லையோ?”

“அவர் இன்னும் சாப்பிடுறார் அக்கா.”

“இவ்வளவு நேரமுமோ?”

“ஓம் அக்கா. அவர் தொடங்கினதே பிந்தித்தான்.”